இரண்டு பூஜ்யங்கள்

வூச் நகரம். பிப்ரவரி.
பழைய நூலாலையின் மூன்றாம் மாடியில்
தறிகள் நின்ற இடத்தில் எங்கள் மேசைகள்.
மேசை ஆறு. ஆட்கள் நான்கு.
நான் கணக்கு எழுதுபவள்.
நாங்கள் செய்து விற்கும் 'உப்புச் சுரங்கம்' விளையாட்டில்
முதல் கதவையே தாண்டத் தெரியாதவள்.

விற்றது பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
சுரங்கத்துக்குள் இறங்கியிருப்பவர்களோ
தொண்ணூறாயிரத்துக்கும் மேல்.
மிச்சம் பேர் எந்தப் பொந்து வழியாக வந்தார்கள்?

"எல்லோரும் வாங்கியிருப்பார்கள் என்று
பெருக்கிப் பார்த்து வயிறு எரியாதே," என்பான்
முதலாளி ரதோஸ்வாவ்.
"இது ஓசியில் கிடைக்காவிட்டால்
ஓசியில் கிடைக்கிற வேறொன்றை ஆடியிருப்பார்கள்."
அவனுக்குத் தெரியும்.
தொண்ணூற்றொன்றில், பதினாறு வயதில்,
ஞாயிறுதோறும் சந்தையில் மடக்கு மேசை போட்டு
நகலெடுத்த கேசட் விற்றவன்.
யாரும் பிடிக்கவில்லை; பிடிக்கச் சட்டம் எழுதியிருக்கவில்லை.
"முகம் தெரியாத எவனுக்கோ
இன்னும் பாக்கி வைத்திருக்கிறேன்," என்று சிரிப்பான்.
எவ்வளவு என்று கேட்டேன்.
கணக்குக்காரி கேட்கத்தானே வேண்டும்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டிராம் நிறுத்தத்தை ஒட்டி
பழைய விளையாட்டுகள் வாங்கி விற்கும் கடை.
கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் டிஸ்க்.
உறையின் முதுகில் விலைச்சீட்டின் மேல் விலைச்சீட்டு.
நகத்தால் உரித்துப் பார்த்தேன்:
முப்பது ஸ்வோட்டிக்குக் கீழே ஐம்பத்தைந்து,
அதன் கீழே எண்பது,
அடியில், பாதி கிழிந்து, நூறு.
"நாலாவது தடவை வருகிறது," என்றான் கடைக்காரன் போஜிதார்.
நல்லதாக இருந்தால் வைத்துக்கொள்ள மாட்டார்களா?
"நல்லதாக இல்லாவிட்டால் நான் வாங்குவேனா?"

கை மாறிய ஒவ்வொரு தடவையும் யாரோ பணம் கொடுத்தார்கள்.
கடை வாடகை கட்டியது. போஜிதார் பல் கட்டிக்கொண்டான்.
எங்களுக்கு வந்தது
முதல் ஆள் கொடுத்ததில் ஒரு துண்டு.
பிறகு பூஜ்யம்.
திருடியவன் தந்ததும் பூஜ்யம்.
என் பேரேட்டில் இரண்டும் ஒரே வட்டம்தான்,
ஒரே மையில்.
ஆனால் அந்த முதல் ஆள்
புதுசுக்கு முழு விலையைத் துணிந்து நீட்டியது
பாதியாவது திரும்பி வரும் என்ற தைரியத்தில்தானே.
அந்தத் தைரியத்தை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?

மறுநாள் ஒரு புகார்க் கடிதம்.
எல்ப்லாங்கிலிருந்து திமோன் என்ற பையன்.
'நான்காம் தளத்தில் கூண்டு இறங்க மாட்டேன் என்கிறது.
தம்பி இரண்டு நாளாகப் பேசவில்லை. உடனே சரி செய்யவும்.'
க்ஸாவெரி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.
முதல் வாரத்துப் பிழை அது.
வாங்கியவர்களுக்கெல்லாம் திருத்தம் போய்விட்டது.
திருட்டுப் பிரதிக்கு எப்படிப் போகும்?
"இந்தப் பையன் பூட்டை உடைத்து உள்ளே வந்து
நாற்காலி ஆடுகிறது என்கிறான்."

நான் சிரிக்கவில்லை.
அந்தப் பிழையைத் திருத்திய மல்வீனா
இப்போது ஒரு வங்கியில் இருக்கிறாள்.
ஐந்தாம் மேசை அவளுடையது.
அவளை அனுப்பிய தாளில்
கூட்டல் என் கையெழுத்து.

அன்று சாயங்காலம் அந்த டிஸ்கை வாங்கினேன், முப்பதுக்கு.
ஊழியருக்கு இலவசப் பிரதி உண்டு; தெரியும்.
அடுத்த சீட்டில் இருபது என்று பார்க்க மனமில்லை.
எங்கள் கம்பெனிக்கு இன்னொரு பூஜ்யத்தை
நானே என் பணத்தில் சேர்த்தேன்.

உறைக்குள் நாலாக மடித்த தாள்.
பென்சிலில் சுரங்கத்தின் படம்.
ஒருவர் வரைந்திருக்கிறார்,
ஒருவர் அடித்துத் திருத்தியிருக்கிறார்,
வேறொரு கையெழுத்து, கோணலாக:
'கூண்டு வராது. காத்திருக்காதே.
உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் ஏணி.'

க்ஸாவெரிக்கே தெரியாத ஏணி.
மல்வீனா வைத்திருப்பாள்.

திமோனுக்கு எழுதினேன்.
விலையையும் எழுதினேன், பிறகு அழித்தேன்,
பிறகு மறுபடி எழுதினேன்.
மூட்டைகள், ஏணி, கீழே எங்கள் வங்கிக் கணக்கு எண்.

இரவு பதினொன்றுக்குப் பதில் வந்தது.
நன்றி இல்லை. பணமும் இல்லை.
'இறங்கிவிட்டோம்.
ஆறாம் தளத்தில் விளக்கு எரியவில்லை.'